மூன்றேகால் அங்குலம்

சைக்கிளிலிருந்து நான் பதினொரு தடவை விழுந்தேன். ஒவ்வொன்றும் நாட்குறிப்பில் இருக்கிறது: இடம், நேரம், எந்தப் பக்கமாக விழுந்தேன், என்ன உடைந்தது, யார் சிரித்தார்கள். கடைசி விவரத்தை நான் ஆரம்பத்திலிருந்து எழுதவில்லை. நாலாவது விழுகைக்குப் பிறகுதான் அதையும் எழுத வேண்டும் என்று பட்டது.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினாறு வருடம் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்ட்டில் தலைமைத் தாதியின் மேசை மணிக்கு ஓடிக்கொண்டிருந்தவள், உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் வெள்ளவத்தைப் பகுதிக்கு மருத்துவிச்சியாக நியமனம் பெற்றேன். கடற்கரை ஒழுங்கைகளில் தொடங்கி, காலி வீதியைக் கடந்து, கால்வாய்க்கு அப்பால் கிருலப்பனை வரை என் பகுதி. எந்த வீட்டுக்கு முதலில் போவது, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, யாருக்கு வீட்டிலேயே பார்ப்பது என்பதை நானே தீர்மானித்தேன். மணியடித்து என்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை. இந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று மணிக்கு ஓடாதவர்களுக்கு விளங்காது.

பிறகு பெற்றோல் கூப்பன் வந்தது. பஸ் பாதியாகக் குறைந்தது. சுகாதாரக் கந்தோர் எங்களுக்குத் தந்துவந்த ரிக்ஷா படியை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு லேடீஸ் சைக்கிள் என்று அறிவித்தது. மூன்று மாதத்துக்குள் ஓடப் பழக வேண்டும். முடிவில் கொட்டாஞ்சேனைக் கிளினிக் வளவில் மேற்பார்வை டாக்டர் முன்னிலையில் ஓடிக் காட்ட வேண்டும். தேறாதவள் தன் பகுதியை விட்டுவிட்டு வார்ட்டுக்குத் திரும்ப வேண்டும். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். நான் அதை நாலாக மடித்து நாட்குறிப்புக்குள் வைத்தேன். மணியோசை காதில் கேட்டது.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் கணவர், என் அத்தான், கோட்டையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். வெள்ளைக் கோட்டும் மடிப்புக் குலையாத காற்சட்டையுமாகக் காலையில் பஸ்ஸுக்கு நிற்பவர். அவர் என்னைவிட இரண்டரை அங்குலம் குட்டை. அந்த வீட்டில் இதை யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாவற்றையும் இதற்கேற்ப ஒழுங்கு செய்திருந்தார்கள். விறாந்தையில் அவர் பேசும்போது நான் கதிரையில் இருக்க வேண்டும். கூடத்தில் தொங்கிய குடும்பப் படத்தில் அவர் நிற்கிறார், அக்கா நிற்கிறாள், பிள்ளைகள் நிற்கிறார்கள், நான் மட்டும் பெரிய சாய்வு வைத்த கதிரையில் நோயாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். படம் எடுத்தவர் என்னை எழும்பச் சொன்னபோது, எனக்குக் கால்வலி என்று அக்கா சொன்னாள். எனக்கு எந்தக் கால்வலியும் இருந்ததில்லை.

சைக்கிளைக் கந்தோர் கொடுத்தது, ஆனால் சீற் இல்லாமல். யுத்தத்தால் பெண்களுக்கான சீற் வரவில்லை, கிடைத்ததைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். கொட்டாஞ்சேனையில் அத்தானுக்குத் தெரிந்த கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகச் சைக்கிள் பூட்டுபவர். கை சுத்தம். அவர் ஆண்கள் சைக்கிளில் இருந்த நீண்ட ஒடுங்கிய தோல் சீற் ஒன்றை எடுத்துப் பூட்டினார். உயரம் வைக்கும் கட்டம் வந்ததும் என்னைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க ஒரு தரம் ஏறி உக்காருங்க. அளவு பாத்துக்குவோம்."

அதுதான் அந்தக் கடையின் வழக்கம். நான் விசாரித்த வரையில் எல்லாக் கடைகளின் வழக்கமும் அதுதான். வீதியோரத்தில், போகிறவர் வருகிறவர் முன்னால், ஒரு பெண் சைக்கிளில் ஏறி இருந்து கால் நீட்டி அளவு கொடுப்பது மரியாதையில்லை. ஆகவே கூட வந்த ஆண் அவளுக்காக ஏறி இருப்பான். தகப்பன், அண்ணன், புருஷன், யார் கூட வந்தாலும் சரி. அவனுடைய அளவிலிருந்து இரண்டு அங்குலம் கழித்தால் பெண்ணின் அளவு. கடைக்காரர் இதை எனக்கு விளக்கவும் செய்தார். "பொம்பளைங்க சீட்டுன்னா ரெண்டு காலும் தரையில படியணும். அதான் கணக்கு."

அத்தான் கோட்டின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் ஏறி இருந்தார். கடைக்காரர் அவருடைய காலைப் பார்த்து உயரம் வைத்து, பிறகு இரண்டு அங்குலம் இறக்கி முறுக்கினார். சேலை மாட்டக்கூடாது என்று சீற்றின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். நான் ஐந்து அடி தள்ளி, குடையுடன் நின்றேன். என் காலை யாரும் பார்க்கவில்லை. அன்றைய குறிப்பில் "சைக்கிள் கிடைத்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அன்று எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த முட்டாள்தனத்தில் என் பங்கையும் மறைக்கப் போவதில்லை.

முதல் விழுகை காலி வீதியில், சந்தைக்கு முன்னால், வலப்பக்கமாக. இரண்டாவது கால்வாய்ப் பாலத்தில். மூன்றாவது எங்கள் ஒழுங்கை முனையில். அங்கே பாண் ரொட்டி விற்கிறவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நோனா அந்த எருமையைக் கட்டிப் போட்டுவிட்டு நடந்து போகட்டும் என்று சிங்களத்தில் சொன்னான். அவனைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு நான்தான் இரண்டு பிள்ளைகள் பார்த்துக் கொடுத்தவள். நாலாவது, ஒரு கர்ப்பிணியின் வாசலிலேயே. அவளுடைய மாமியார் வெளியே வந்து பார்த்து, "மிஸ்ஸியே நேராய் நிக்கேலாமல் விழுறா, இவவோ பிள்ளை பிடிக்கப்போறா?" என்று உள்ளே திரும்பிச் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான் சொன்னாள்.

ஏழாவது விழுகையில் பை தெறித்துக் கிருமிநாசினிப் போத்தல் உடைந்தது. அது கந்தோர்ச் சாமான். ஆகவே டாக்டருக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு பாடமே நடத்தினார். பெண்ணுக்கு நிறை முழுவதும் இடுப்பில் இருக்கிறது, இயற்கையே அவளை இரண்டு சில்லுக்குப் படைக்கவில்லை, நாற்பது தாண்டினால் சொல்லவே வேண்டாம் என்றார். வார்ட்டில் அனுபவமுள்ளவர்களுக்கு இடமிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கிளினிக்குக்கு மோட்டார் காரில் வருபவர். அவருக்குக் கூப்பன் இருந்தது.

அன்று மாலை பழைய குறிப்புகளை ஒன்றாக வைத்துப் படித்தேன். ஏழு விழுகையில் ஆறு, புறப்படும்போது அல்லது திரும்பும்போது. மற்றது நிறுத்தும்போது. வேகமாக நேரே ஓடும்போது ஒன்றும் இல்லை. என் இரண்டு முழங்காலிலும் ஒரே உயரத்தில் நீலக் காயம். அது விழுந்து பட்டதாக இருக்க முடியாது. விழுந்தால் இரண்டு காலும் ஒரே மாதிரி அடிபடாது. சைக்கிளில் இருந்தபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். கால் மேலே வரும்போது முழங்கால் நேராகக் காண்டிலில், சைக்கிளின் கைப்பிடியில், போய் இடித்தது. காண்டிலைத் திருப்பினால் அந்த முழங்காலே அதைத் திரும்பவும் தள்ளிவிட்டது. என்னைப் பதினைந்து நாளாக விழுத்தியது என் முழங்கால்தான்.

மறுநாள் காலி வீதியில் தபால் கந்தோருக்கு எதிரே குடையுடன் நின்று, சைக்கிளில் போகிற ஆண்களைப் பார்த்தேன். இருபது பேர். பெடல் கீழே போகும்போது பத்தொன்பது பேருடைய கால் ஏறக்குறைய நிமிர்ந்தது. ஒருவனும் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்ற முடிகிற உயரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. நிற்க வேண்டும் என்றால் சீற்றிலிருந்து முன்னால் இறங்கி நின்றார்கள். ஏறும்போது ஒரு காலைப் பெடலில் ஊன்றி எழும்பிப் பிறகு இருந்தார்கள். இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்களை முதலில் இருக்க வைத்து, பிறகு தாரா வாத்தைப் போல நிலத்தைக் காலால் உதைத்துப் போகச் சொல்லியிருந்தார்கள்.

சீற்றின் அகலத்தையும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். கர்ப்பிணிகளின் இடுப்பை அளக்கிற இரும்புக் கவராயம் என் பையில் இருந்தது. அறையைத் தாழிட்டு என்னை நானே அளந்தேன். உட்காரும் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே நாலேகால் அங்குலம். அந்த ஆண் சீற்றின் தட்டையான பகுதி மூன்றரை அங்குலம். அதற்கு அப்பால் தோல் இரு பக்கமும் சரிந்துவிடும். ஆகவே என் எலும்புகளுக்கு அங்கே இடமே இல்லை. மூக்கும் கீழே சாய்ந்திருந்ததால் உடம்பு முன்னால் வழுக்கி, நிறை முழுவதும் மணிக்கட்டுகளில் தங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே காண்டிலில் பை தொங்கியது. இப்படி ஏற்றி விட்டால் அந்த டாக்டரும் விழுவார்.

அத்தானிடம்தான் முதலில் சொன்னேன். சொல்லாமல் செய்தால் பிழை என்று அப்போது நினைத்தேன். இராச்சாப்பாடு முடிந்து அவர் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், சீற்றை உயர்த்தவேணும். முழங்கால் காண்டிலிலை முட்டுது."

"நான் இருந்து பாத்தனான். எனக்குச் சரியாய்த்தான் இருந்தது."

"உங்களுக்குச் சரியெண்டால் எனக்கு அது பதிவு, உயரம் காணாது. நான் உங்களைவிட இரண்டரை அங்குலம் உயரம்."

அவர் துவாயைக் கொடியில் போட்டார். அது விழுந்தது. எடுத்துத் திரும்பவும் போட்டார். உள்ளே போனார். அக்காதான் கோப்பைகளை அடுக்கியபடி, "உனக்குக் கால் மட்டுமே நீளம்? நாக்கும் நீளம்தான்" என்றாள். அதன்பின் நாலு நாள் அந்த வீட்டில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. அந்த நாலு நாளில் இன்னும் மூன்று தடவை விழுந்தேன். எண்ணிக்கை பத்து.

மாதக் கூட்டத்துக்குக் கொட்டாஞ்சேனை போனபோது சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், கூட்டம் முடிந்ததும் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். உள்சுவரில் அகலமான பெண்கள் சீற் ஒன்று தூசியோடு தொங்கியதை முன்பே பார்த்திருந்தேன். எந்த வெள்ளைக்காரப் பெண்ணின் உடைந்த சைக்கிளிலிருந்தோ கழற்றியது. அடியில் சுருள் கம்பிகள், மூக்குக் குட்டை. அதைக் கேட்டேன். கடைக்காரர் என் பின்னால் வீதியைப் பார்த்தார்.

"ஐயா வரலீங்களா?"

"அவர் எதுக்கு? என்ரை இடுப்பை நான் கொண்டு வந்திருக்கிறன்."

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கவராயத்தை எடுத்துச் சீற்றின் தட்டை அகலத்தை அளந்தேன். ஐந்தரை. போதும். கடைக்காரர் முகம் சிவக்க அதைப் பூட்டினார், மூக்கை நான் சொன்னபடி மட்டமாக வைத்தார். ஆனால் உயரத்தில் கை வைக்க மறுத்துவிட்டார். ஐயா சொன்ன அளவை ஐயா சொல்லாமல் மாற்ற மாட்டாராம், நாளைக்கு நான் விழுந்து ஏதாவது ஆகிவிட்டால் அவர் பதில் சொல்ல வேண்டுமாம். எவ்வளவு பணிவாகச் சொன்னார் என்பதும் நினைவிருக்கிறது. அந்தப் பணிவை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. புறக்கோட்டைக்கு நடந்து போய் ஒரு ஸ்பானர் வாங்கினேன்.

வீட்டு முற்றத்தில் நானே உயர்த்தினேன். சீற்றில் இருந்தபடி கீழ்ப் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நிமிர வேண்டும். அதுதான் அளவு. மூன்றேகால் அங்குலம் உயர்த்த வேண்டி வந்தது. கணக்குப் பார்த்தேன்: பெண் என்பதற்காகக் கழித்தது இரண்டு அங்குலம், அத்தானின் கால் குட்டை என்பதற்காக ஒன்றேகால் அங்குலம். மிச்சம் வரவில்லை. சீற்றைத் தாங்குகிற குழாயில், சட்டத்துக்குச் சற்று மேலே, அரத்தால் ஒரு கோடு கீறினேன். பையைக் காண்டிலிலிருந்து எடுத்துப் பின் கரியரில் கட்டினேன். அன்று ஏறப் பழகும்போது ஒரு தடவை விழுந்தேன். அது பதினோராவது. அதற்குப் பிறகு குறிப்பில் விழுகை இல்லை. இரண்டு கிழமை, ஒரு நாளைக்கு ஆறேழு வீடு, கிருலப்பனை வரை போய் வந்தேன். பாண்காரன் ஒருநாள் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். நான் அவனைப் பார்க்கவில்லை.

சோதனை நாள் காலை புறப்படுமுன் வழக்கம்போல் குழாயில் கீறிய கோட்டைப் பார்த்தேன். கோடு இல்லை. குழாய் சட்டத்துக்குள் இறங்கியிருந்தது. சீற் பழைய இடத்தில் இருந்தது. விறாந்தையில் கண்ணாடியை மாட்டி வைத்து அத்தான் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"இதை ஆர் இறக்கினது?"

"நான்தான்." அவர் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "பஸ்ஸுக்கு நிக்கேக்கை சனம் பாக்குது. உன்ரை மச்சாளோ அது, கொக்கு மாதிரிப் போறது எண்டு கந்தோரிலை கேக்கிறாங்கள்."

நான் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். அவர் பார்க்கட்டும் என்று சைக்கிளை விறாந்தைப் படிக்கு நேரே நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, கோடு தெரியும் வரை இழுத்து, முறுக்கினேன். அவருடைய ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை காய்ந்துகொண்டிருந்தது. அக்கா கதவருகில் வந்து நின்றாள்.

"விழுந்து காலை முறிச்சுக்கொண்டு இந்த வீட்டுப் படி ஏறாதை" என்றார் அத்தான்.

நான் பெடலில் காலை ஊன்றி எழும்பிப் போனேன். காலி வீதி முழுவதும், கடற்கரைத் திடலின் எதிர்க்காற்று, கோட்டை, புறக்கோட்டையில் மூட்டைக்காரர்களின் நெரிசல், அங்கிருந்து கொட்டாஞ்சேனை ஏற்றம் வரை சீற்றிலேயே இருந்தேன். புறக்கோட்டையில் மட்டும் இறங்கித் தள்ளினேன். அங்கே ஆண்களும் தள்ளினார்கள்.

கிளினிக் வளவில் ஆறு பேர் சைக்கிளுடன் நின்றோம். இரண்டு தார்ப் பீப்பாய்களைச் சுற்றி எட்டுப் போல ஓட வேண்டும், கையசைத்தால் நிற்க வேண்டும், திரும்பப் புறப்பட வேண்டும். டாக்டர் என் சைக்கிளைப் பார்த்தார். என்னை ஏறி இருக்கச் சொல்லி, பியோனைப் பிடிக்கச் சொன்னார். என் கால் நிலத்தைத் தொடவில்லை. நுனி விரல் மட்டும் பட்டது. இந்த உயரத்தில் அனுமதிக்க முடியாது, இறக்கிவிட்டு ஓடு என்றார். இரண்டு காலும் நிலத்தில் படியாத பெண் எப்படி நிற்பாள் என்று கேட்டார்.

இறக்கினால் பீப்பாயைச் சுற்றும்போது முழங்கால் இடிக்கும். பிறகு வார்ட், மணி. இறக்கவில்லையென்றால் கீழ்ப்படியாமை. அதற்கும் வார்ட்தான். நான் ஆங்கிலத்தில், வார்ட்டில் பேசக் கற்றுக்கொண்ட பணிவான ஆங்கிலத்தில், முதலில் இப்படியே ஓடுகிறேன், ஒரு கால் பிசகினாலும் என்னைத் திருப்பி அனுப்பும் கடிதத்தை இப்போதே எழுதி வையுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் உண்மையாகவே பேனாவை எடுத்து எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் தடுப்பார் என்று நினைத்திருந்தேன் என்பதையும் குறித்துவிடுகிறேன்.

எட்டு இரண்டு தடவை போட்டேன். அவர் கையசைத்தார். சீற்றிலிருந்து முன்னால் இறங்கி நின்றேன். கையசைத்தார். எழும்பிப் போனேன். மெதுவாக என்றார். நடக்கிற வேகத்தில் ஓடினேன். மூன்றாம் முறையும் கையசைத்தார், நின்றேன். நாலாம் முறை கையசைத்தது எதற்கு என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஒருவேளை விழும் வரை அசைத்துக்கொண்டிருக்க நினைத்திருப்பார். பிறகு கையை இறக்கி, எழுதிய கடிதத்தைக் கிழித்தார். என் தாளில், தேறினார், ஆனால் சீற் பாதுகாப்பற்ற உயரம், இறக்கும்படி அறிவுறுத்தப்பட்டார் என்று எழுதினார். மற்ற ஐந்து பேரில் இருவர் பீப்பாயில் மோதி விழுந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்புக் கேட்டு அழுதுகொண்டு வந்தவள், என்னிடம் ஸ்பானரைக் கேட்டாள். எடுத்து நீட்டினேன். பக்கத்தில் நின்ற அவளுடைய அண்ணன் வேண்டாம் என்றான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். நான் ஸ்பானரைப் பைக்குள் போட்டேன்.

அன்று மாலை அந்த வீட்டுப் படியில் ஏறினேன். கால் முறியவில்லை. தேறிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டே, இனி என்ன, இறக்கி வைக்கலாம்தானே, அவருக்குக் கந்தோரில் அவமானமாய் இருக்குதாம் என்றாள்.

நான் முற்றத்துக்குப் போய் நட்டைத் தளர்த்தி, சீற்றைக் குழாயோடு முழுவதும் வெளியே இழுத்து எடுத்தேன். கூடத்தில் அந்தப் படத்துக்குக் கீழே நின்ற, படத்தில் என்னை இருத்தியிருந்த அந்தப் பெரிய கதிரையையும் என் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நிறை அதிகம், கதவில் ஒரு இடத்தில் உரசியது. யாரும் உதவிக்கு வரவில்லை. கதிரையில் சீற்றை வைத்துக் கதவைப் பூட்டினேன். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் இருந்தது நாலு வருடமும் இரண்டு மாதமும். ஒவ்வொரு மாலையும் சீற்றைக் கழற்றினேன், ஒவ்வொரு காலையும் கோடு தெரியும் வரை உயர்த்திப் பூட்டினேன். அத்தான் சவரம் செய்துகொண்டிருப்பார். ஸ்பானர் இரும்பில் உரசும் சத்தம் அவருக்குக் கேட்கும்.